பத்துக்குப் பத்து

சின்ன வயதில் நான் செய்த களவுகளில் மிட்டாய், மாங்காய், பக்கத்து வீட்டு ரிப்பன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அடியும் வாங்கிவிட்டேன். பென்சில் பேட்டரியைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயதில் காது மிஷின் ஒன்று கிடைத்தது. கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பென்சில் பேட்டரி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மாட்டிய அன்று மில்லில் சங்கு ஊதியதும், தின்றுகொண்டிருந்த முறுக்கைக் கீழே போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தான். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மா பசைக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகமெல்லாம் பசை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டால் அவன் ஒரு காலித் தீப்பெட்டியைக் கூடைக்குள் போட வேண்டும். பத்துத் தட்டுக்குப் பத்துப் பெட்டி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இது படிந்துவிட்டால் பேசக் கற்றுத்தரும் வகுப்பில் இடம் உண்டு. ஒரு தடவையாவது ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட மாட்டானா என்றுதான் அவள் ஏங்கினாள்.

மிஷின் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. காதில் வைக்கும் குமிழைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘கீ’ என்று கத்தும். அம்மாவின் கை எந்நேரமும் பசையாக இருக்குமாதலால் நான் பார்த்துச் சொன்னால் சரி. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்த முழுப்பரீட்சை லீவில் பெரியப்பா மகன் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனான். மேலிருந்து கட்டை கட்டையாக விழும், நாம் அடுக்க வேண்டும். பைத்தியமாகிவிட்டேன். நாலு நாளில் அதிலிருந்த பென்சில் பேட்டரி தீர்ந்தது. அம்மாவிடம் கேட்டால் தோலை உரித்துவிடுவாள். தம்பி பெட்டியிலிருந்த புதுப் பேட்டரியை உருவிக்கொண்டு, செத்ததை அங்கே போட்டு மூடினேன்.

“ஏட்டி, மிஷின் கத்துதா?”

“கத்துதும்மா.”

அம்மா தட்டினாள். தம்பி பாட்டுக்குச் சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நேத்து நல்லாத்தான போட்டான்?” என்று அவள் முகம் சுருங்கியது. மறுநாள் புத்தகமும் கையுமாக அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அம்மா தட்டும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தேன். அவன் படு சூட்டிகை. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான்.

“ஏட்டி, பாத்தியா! பத்துக்குப் பத்து!” அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். வாரம் தவறாமல் புதுப் பேட்டரி வந்தது, வாரம் தவறாமல் எனக்கே வந்தது. ஒருநாள் தனக்கென்று வைத்திருந்த முட்டையை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள், “நீ பக்கத்துல இருந்தாத்தாம்ட்டி அவன் நல்லாச் செய்யுதான்.” நான் அந்த முட்டையைத் தின்றேன்.

திருநெல்வேலிக்குப் போகிற அன்று காலையில் பயம் வந்துவிட்டது. டீச்சர் மிஷினைப் பார்த்தால்? நல்ல பேட்டரியைத் தம்பி பெட்டிக்குள் திரும்பப் போட்டேன். ஒன்றும் தெரியாத பாப்பாவாகப் பஸ் ஏறினேன்.

“அக்கா வெளிய நிக்கட்டும்” என்றார்கள் டீச்சர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் குமிழைக் கையில் எடுத்ததும் மிஷின் ‘கீ’ என்று கத்தியது. தப்பித்தோமடா சாமி என்று மூச்சு விட்டேன். அம்மா தட்டினாள். தம்பி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறையெல்லாம் தேடினான். கதவைப் பார்த்தான், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். பத்துத் தட்டும் முடிந்தது. கூடையில் ஒரு பெட்டிகூட இல்லை.

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. பையனுக்குத்தான் எடுபடல. இன்னும் ஒரு வருஷம் வீட்ல வச்சுப் பழக்குங்கம்மா.”

அம்மா அதற்குப் பிறகு தட்டைத் தொடவில்லை. மிஷின் பீரோவுக்கு மேலே போனது. தம்பி இன்று புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறான். கையாலேயே அத்தனையும் பேசுவான், என் பிள்ளைகள் அவனை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் அம்மா கேட்க ஆசைப்பட்ட அந்த ஒரு வார்த்தை அவள் சாகும்வரை வரவே இல்லை. மிஷினோடு வளர்ந்திருந்தால் வந்திருக்குமா, தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

திரும்பி வந்த பஸ்ஸில், “நாந்தான் சரியாச் சொல்லிக்குடுக்கலையோ?” என்று அம்மா யாரையும் பார்க்காமல் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தம்பி என் மடியில் இருந்தான். கழுத்தில் மிஷின், கையில் இன்னும் அந்தக் காலித் தீப்பெட்டி. டிரைவர் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தான். கயத்தாறு தாண்டியும் அப்படித்தான். என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நினைத்து, வெறும் காடாகக் கிடந்த கரிசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அவனுக்கு ஹாரன் கேட்டிருக்கிறது. பெட்டியைப் போடட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறான்.