ஏடனிலிருந்து வந்த கல்

யுத்தம் முடிந்த மறுவருஷம், சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் அரபு நாட்டுப் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏடனில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் ஒருவர் கொடுத்தவையாம். ஏடன் என்றதும் அம்மாவை அழைத்துப்போகத் தோன்றிவிட்டது. பட்டாளத்து லாரி ஓட்டப் போன என் அண்ணன் அங்கேதான் காய்ச்சலில் செத்தான். எங்கள் வழக்கப்படியே புதைத்துக் கல் நட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. "எம் பையனுக்கு ஒரு கல்லாச்சும் நிக்குது" என்பதுதான் அம்மா பற்றிக்கொண்டிருந்த ஒரே கொழுகொம்பு. அவன் கிடக்கும் ஊரின் சாமான்களைப் பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். நாலெழுத்து படித்தவன் அல்லவா, எல்லாம் எனக்குத் தெரியும்!

திருச்செங்கோட்டிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் முகமெல்லாம் புகை. அம்மா தெருக்குழாயில் முகம் கழுவி, கோயிலுக்குப் போகிறவளைப் போலத் திருநீறு பூசிக்கொண்டாள்.

அறையில் இருந்தது மூன்று மேசைதான். உடைந்த ஜாடி, களிம்பேறிய வெண்கல விளக்கு, எழுத்து வெட்டிய பலகைக்கல். கடைசியில் முழ உயரத்தில் ஒரு வெள்ளைக் கல். நீண்ட மூக்கு, அகலத் திறந்த இரண்டு கண்கள். வாய் பெயருக்கு ஒரு கீறல்.

அம்மா கேட்டாள்: "இதென்ன சாமி?"

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையும் சாமி, கும்பிடுகிற தெய்வமும் சாமி. என்னைத்தான் அழைக்கிறாள் என்று எண்ணி, பக்கத்திலிருந்த சீட்டைப் படித்துச் சொன்னேன்: "செத்தவங்களப் பொதச்ச எடத்துல நடற கல்லுங்கம்மா. தோண்டி எடுத்தாந்திருக்காங்க."

திரும்பிப் பார்த்தால், அவள் கைகூப்பி நின்றிருந்தாள். எந்தத் தெய்வம் என்று கேட்டிருக்கிறாள். ஏதோ ஒரு பேரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். என் நாக்கில் சனி.

கூப்பிய கை கீழே இறங்கியது. "பொதச்ச எடத்துக் கல்லைப் புடுங்குவாங்களா? அப்ப எம் பையனோடதையும்..."

"இது ரெண்டாயிரம் வருசத்துக் கல்லுங்கம்மா. அண்ணன் கல்லை ஆரும் தொடமாட்டாங்க."

"அப்படி நெனச்சுத்தான் இதையும் ஒருத்தி நட்டிருப்பா" என்றாள்.

முந்தானையை இழுத்து அந்தக் கல்லின் முகத்தை மூடினாள். "தொடாதீங்கம்மா!" என்று காவல்காரர் ஓடி வந்தார். அண்ணன் செத்த தந்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

அதுவரை அமாவாசை தவறாமல், அண்ணன் கிடக்கும் திசை என்று மேற்கே பார்த்து அவனுக்காக ஒரு செம்புப் பால் ஊற்றுவாள். அந்த மாசம் ஊற்றவில்லை. பால் கறந்து வைத்திருக்கிறது என்று நான்தான் நினைவூட்டினேன்.

"அவன் எங்க இருக்கறான்னு ஊத்தறது?" என்றாள்.