காப்புக் கட்டிய கால்

என் பதிமூன்றாம் வயதில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கட்டி வந்தது. எங்கள் ஊரான அகரத்தில் ஆளுக்கொரு பற்றுப் போட்டுப் பார்த்தார்கள். கட்டி எதற்கும் மசியவில்லை. என்னைப் போலவே பிடிவாதம். கடைசியில் அப்பாவும் அம்மாவும் என்னை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. எலும்பில் புற்று என்றால் காலை எடுத்துவிடுவதுதான் அன்றைக்கு வைத்தியம்.

பெரிய டாக்டர் கட்டியில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து, "இது உடம்பெல்லாம் பரவுற ஜாதி இல்ல. இருந்த இடத்துலயே எலும்பத் தின்கிற ஜாதி. காலைக் காப்பாத்தப் பாக்குறேன். முழங்கால் மடங்காது, ஆனா நடக்கலாம். முடியலைன்னா எடுத்துத்தான் ஆகணும்" என்றார். அதுவரை பஸ்ஸும் பன்னும் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அம்மாவின் பயம் வேறு. டாக்டர் அவசரத்தில் கால் மாற்றி அறுத்துவிட்டால்? ஆபரேஷனன்று காலையில் என் வலது காலில் மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகிக் காப்புக் கட்டிவிட்டாள். எங்கள் ஊரில் காப்புக் கட்டியதை எவரும் சீண்டமாட்டார்கள். மலையாளத்திலிருந்து வந்த நர்சம்மாவுக்கு அது தெரியாதே! அடையாளம் போட்டது அறுக்கிற காலுக்கு என்று நினைத்து, சோப்பு நுரை தடவி அந்தக் காலை மழிக்கத் தொடங்கினார்.

அம்மா போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. "நான் பயந்த மாதிரியே பண்றீகளே! அது நல்ல காலு!"

டாக்டர் ஓடி வந்தார். "ரெண்டு காலையுமே சுத்தம் பண்ணணும்மா. கெட்ட எலும்ப எடுத்த எடத்துல வைக்க எலும்பு வேணும்ல? அத இந்தக் கால்லருந்துதான் எடுக்கணும். ஒங்க வீட்டுக்காரர்ட்ட நேத்தே சொல்லிட்டேனே."

நேற்றே கைநாட்டு வைத்திருந்த அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் சொல்ல அவருக்கு ஏது தைரியம்?

"கெட்டது ஒத்தக் காலு. ரெண்டயும் அறுத்து, ரெண்டும் போச்சுன்னா எம்புள்ள என்ன செய்வா? ஏந்திரிடீ, ஊருக்குப் போவோம்."

எனக்கு வந்ததே கோபம். "காலு எனக்குத்தானம்மா? இதுலருந்து கொஞ்சம் எலும்பக் குடுத்தா அதுவும் நிக்கும்ங்கறாரு. குடுக்கட்டும். காப்ப அவுத்துவிடு."

அம்மா அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள். வாய்தான் பெரிதாகப் பேசியதே தவிர, எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண் விழித்தபோது இரண்டு கால்களும் மரக்கட்டையாகக் கனத்தன. தலையைத் தூக்க முடியவில்லை. "அந்தக் காலு இருக்காம்மா?" என்றேன். இருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் இருப்பார். டாக்டர் சொன்னதை அம்மா என்றைக்கு நம்பினாள்? போர்வையை விலக்கி, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினாள். களத்தில் நெல் அளக்கும்போது நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். அம்மாவும் இடது காலிலிருந்து அப்படித்தான் தொடங்கினாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

பத்து வந்ததும் நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பித்தாள்.