தட்டினால் சரியாகிவிடும்

எங்கள் வீட்டில் எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. டிவி, ரேடியோ, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் எல்லாம் அப்பாவின் கையால் அடி வாங்கி ஒழுங்காக ஓடியவைதான். அந்தக் கையும் முன்கோபமும் எனக்கு அப்படியே வந்திருக்கின்றன.

போன வருஷம் அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. காரிமங்கலம் சந்தையில் இந்தக் கோடியிலிருந்து அவர் கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் எங்கேயாவது மிச்சம் இருக்குமா என்று ஏங்கியபோதுதான் பரண்மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. வாங்கிய புதிதில், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன். அப்போதெல்லாம் யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடவேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

இறக்கித் துடைத்தேன். ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனப் பொட்டு பெட்டியில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் கரகரவென்று ஓடி, திரை பாதியில் நின்றது. பொறுத்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பக்கவாட்டில் ஒரு போடு போட்டேன். அப்புறம் உள்ளேயிருந்து டக், டக் என்ற சத்தம் மட்டும்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தருமபுரியில் ஹார்ட் டிஸ்க் பழுது பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோனேன்.

"இது என்னங்கண்ணா, டிவியா, தட்டறதுக்கு? உள்ளார தட்டு சுத்தும்போது அடிச்சிருக்கீங்க. படிக்கிற முள்ளு அதுமேல இடிச்சுப் போச்சுங்க" என்றார்.

அதே மாடல் டிஸ்க் இன்னொன்று கிடைத்தால் அதன் முள்ளை எடுத்து மாற்றிப் பார்க்கலாமாம். மூன்று வாரம் அலைந்து, அரூரில் மூடிக்கிடந்த ஒரு பிரவுசிங் சென்டரில் பிடித்தேன். தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவர் மாற்றியபோது, மூச்சு விடக்கூடப் பயந்து வாசலில் நின்றேன்.

"கொஞ்ச நேரந்தாங்க ஓடும். மொதல்ல எது வேணும்னு சொல்லுங்க."

எங்கள் கல்யாண போட்டோ, மகளின் முதல் பிறந்தநாள் எல்லாம் அதில்தான் இருந்தன. 'டெஸ்ட்' என்று பேர் வைத்திருந்த ஒரே ஒரு ஃபைலைச் சொன்னேன். அது வந்தது. அடுத்ததைத் தொடுவதற்குள் டிஸ்க் நின்றுவிட்டது. மனைவியிடம் இன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போட்டேன். "அலோ! அலோ! கேக்குதா கண்ணு?" என்று அதே குரல். உடனே என் குரல்: "ஏம்ப்பா இப்பிடிக் கத்தறீங்க? கொஞ்சம் பேசாம இருங்க!" அத்தோடு பதிவு முடிந்தது.

எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு எழப் போனேன். அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்து, இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார். மறுபடியும் "கேக்குதா கண்ணு?" என்று வந்ததும் அங்கேயே நிறுத்தினேன்.

"கேக்குதுப்பா" என்றேன்.