அடுப்பு எரியாத செவ்வாய்க்கிழமைகள்

என் கணவர் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமைகளில் கோலா சிலாங்கூரிலிருந்து பினாங்குக்குப் போனால் மறுநாள்தான் திரும்புவார். அன்று மாலை நான் சமைப்பதில்லை. ஒரு பெரிய தட்டில் வெள்ளரி, உப்புத் தூவிய கொய்யா, முறுக்கு, வறுத்த கச்சாங் கடலை, இரண்டாக வெட்டிய ஓர் அவித்த முட்டை வைப்பேன், நடுவில் மிளகாய்ச் சம்பல். ஈரமானவை ஒரு பக்கம், மொறுமொறுப்பானவை மறுபக்கம். ஒன்றோடொன்று ஒட்டினால் எனக்குப் பிடிக்காது.

தட்டு இரண்டு பேருக்கு. அடுத்த வரிசை வீட்டில் குடியிருக்கும் நாத்தனார், கணவரின் தங்கை, பின்கதவு வழியாக வருவாள். கையில் சுங்கை செம்பிலாங்கில் வாங்கிய கெரோப்போக், மீன் அப்பளப் பொட்டலம் இருக்கும். “அண்ணி, இன்னைக்குச் சோத்துக்கு லீவு லா!” என்பாள்.

கணவருக்கும் தெரியும். “என்னா இது, கொலு வச்சிருக்கியா?” என்று கேலி செய்வார். லோரிக்குக் கிளம்பும்போது சில வாரம் அவரே ஒரு பொட்டலம் முறுக்கை மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

தெரியாதது மாமியாருக்கு மட்டும். மாமனாரும் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஆம்பிளை ரோட்டில் இருக்கும்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. மாமனார் வராத நாளிலும் உலை வைத்தவர் அந்த அம்மா.

மழைக்காலத்துச் செவ்வாய் ஒன்றில், தஞ்சோங் காராங் தாண்டி லோரி சறுக்கிக் கால்வாயில் இறங்கியது. கணவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது, வேறொன்றுமில்லை. மறுநாள் பத்தாங் காலியிலிருந்து மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நேத்து என்னா ஆக்குன?”

நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் பேசினாள். “அண்ணி செவ்வாக்கிழம அடுப்பே பத்த வைக்க மாட்டாங்கம்மா. முறுக்கும் கச்சாங்கும்தான். நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்.”

முந்தின நாள் மாலை முட்டையின் ஒரு பாதியைத் தின்றவள் அவள். ‘நானும்தான் சாப்பிட்டேன்’ என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். அவள் ஆரஞ்சின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“தட்டுல பரப்பி வச்சுக் கொறிக்க நீ என்னா கல்யாணமாகாத பிள்ளையா?” என்றார் மாமியார். “புருசன் மழையில வண்டி ஓட்டுறான், இங்க திருவிழா நடக்குதாக்கும்.”

நான் கணவரைப் பார்த்தேன். டயர் தேய்ந்திருந்தது என்று மருத்துவமனையில் அவரே என்னிடம் சொல்லியிருந்தார். விபத்துக்கு முன் வழியில் வண்டியை நிறுத்தி, நின்றுகொண்டே ஒரு பர்கர் தின்றதையும் சொல்லியிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. அவர் தன் கையின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே ஏதாச்சும் ஆக்கி வையேன். அம்மா மனசுக்கு” என்றார்.

கை குணமாகி அவர் மீண்டும் லோரி எடுத்த முதல் செவ்வாய், மாலையில் வழியிலிருந்து கூப்பிட்டார். “ஆக்கிட்டியா?”

“ஆச்சு.”

போனை வைத்ததும் பின்கதவு திறந்தது. நாத்தனார், அதே பொட்டலத்தோடு. என் முகத்தைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள். “அம்மா முன்னால வேற என்னா அண்ணி சொல்றது? என்னையும் சேத்துல்ல ஏசியிருப்பாங்க.”

“உக்காரு.”

சோறு போட்டேன். பருப்பு ஊற்றினேன், கோசு பொரியலை ஓரமாக வைத்தேன். பிறகு என் தட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தேன். வெள்ளரி ஒரு பக்கம், முறுக்கு மறுபக்கம்.

அவள் என் தட்டைப் பார்த்தாள். “எனக்கு?”

“நீதான எத்தனையோ தடவ சொன்ன. சாப்பிடு.”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பொட்டலம் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. பழக்கத்தில் முட்டையை இரண்டாக வெட்டியிருந்தேன். இரண்டு பாதியையும் நானே தின்றேன்.