முதல் பாட்டு மட்டும்

எனக்கு ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் கேசட்டுகளின் முதல் பாட்டுகள் தெரியும். இரண்டாவது பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வலியப் போய்ப் பேசுகிற ஆளும் இல்லை நான். ஊட்டியில் டீத்தூள் விற்கும் ஒரு கடையில் பொட்டலம் போடுகிறேன். போன சீசனில் வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். தூள் எடை போட்டு முடியும்வரை, தொண்ணூறுகளில் வந்த ராக் ஆல்பங்களில் எதன் முதல் பாட்டு பலமானது என்று அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சண்டையில் நானும் ஒரு காலத்தில் ஜெயித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. "பில்லு அங்க கட்டுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

நான் பள்ளியில் படித்தபோது நாங்கள் மஞ்சூர்ப் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்டில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய லயன் வீடுகள். கடைசிக் காம்பரா எங்களுடையது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அறையைக் காம்பரா என்றுதான் சொல்லும். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் இலையை உருட்டும் மெஷினில் அவருக்கு வேலை.

கொழுந்து விலை விழுந்துகொண்டே வந்தது. வாரம் முழுக்க ஓடிய ஃபேக்டரி சில நாட்கள் மட்டும் ஓடியது. பிறகு ஒருநாள் சங்கு ஊதவில்லை. லயனுக்குக் கரண்டு ஃபேக்டரியிலிருந்துதான் வரும். ஃபேக்டரி நின்றதும் எங்கள் பல்பும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் கூட்டாளி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவர் குன்னூர்க்காரர். அவருடைய வாப்பா மார்க்கெட்டில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். இவர் ஊட்டியில் பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்தார். படிப்பு முடிந்து கிளம்பும் பிள்ளைகள் செருப்பு, ஸ்வெட்டர், கேசட்டு என்று எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றில் கேசட்டுகளை மட்டும் ஷூ பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, மஞ்சூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கேசட்டோடு அந்தச் சண்டையையும் கொண்டுவந்தார். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைப் பற்றித்தான் அடித்துக்கொள்வார்களாம். "மொதப் பாட்டுல ஆளத் தூக்கோணும். அது தூக்கலீனா மத்த பாட்டுக்கெல்லாம் வேலையே இல்லீன்னு அந்தப் பசங்க சொல்லுவாங்க மாப்ள" என்றார். மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

முதல் பாட்டு மட்டும் என்பதில் எங்களுக்கு வேறொரு வசதியும் இருந்தது. டேப் ரெக்கார்டருக்குப் பேட்டரிக் கட்டை போட்டுத்தான் ஆகவேண்டும். முழு கேசட்டையும் ஓட விட்டால் இரண்டே வாரத்தில் கட்டை செத்துவிடும். ஒரு கேசட்டுக்கு ஒரு பாட்டு என்று மாமா சட்டம் போட்டார். பாட்டு முடிந்ததும் பட்டென்று நிறுத்துவார். பின்னால் சுற்றுவதற்கு மெஷினைத் தொடக்கூடாது. கேசட்டின் பல்லில் பேனாவைச் செருகி நான் கையால் சுற்றுவேன்.

"மத்த பாட்டெல்லாம் எப்ப மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஃபேக்டரி தொறந்து கரண்டு வரட்டும் புள்ள. அப்புறம் நாள் பூரா கேப்போம்."

கேசட்டின் பெயர்களை மாமா எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் வாயில் நிற்காது. அட்டைப் படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஏணி, தாடிக்காரன், முட்டை, கவிழ்ந்த நாற்காலி. மாமாவின் பக்கம் சிவப்புக் கதவு. கூட்டாளியின் பக்கம் ஒற்றைச் செருப்பு. மற்றவை ஒவ்வொன்றாகத் தோற்று வெளியேறி, கடைசியில் இந்த இரண்டும்தான் நின்றன.

சிவப்புக் கதவில் பட்டனை அழுத்திய நொடியே கிடாரும் டிரம்மும் ஒன்றாக வந்து விழும். மாமா கண்ணை மூடிக்கொள்வார். சுவிட்சைப் போட்டதும் உருட்டு மெஷின் மொத்தமும் ஒரே உலுக்கலில் கிளம்புமே, அதுதான் அவருக்கு அந்தப் பாட்டு என்று எனக்குப் பட்டது. ஒற்றைச் செருப்பு அப்படியில்லை. ஒரே ஒரு தந்தி, கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி. பிறகு இன்னொன்று. டிரம் வர வெகுநேரமாகும். பாடுகிறவன் அதற்கும் பிறகுதான் வாயைத் திறப்பான்.

"உன் ஆளு எந்திரிச்சு மூஞ்சி கழுவி வர்றதுக்குள்ள என் ஆளு பாட்ட முடிச்சு ஊட்டுக்கே போயிருவான்டா" என்பார் மாமா.

"பெரிய அண்டாவுல ஒல வெச்சுப் பாத்திருக்கியா மாப்ள? மொதல்ல சும்மா கெடக்கும். அப்புறம் ஓரத்துல ஒரு குமிழி. அது கொதிக்கறப்ப ஊரே பசியோட நிக்கும். உன்ற பாட்டு வெறும் பட்டாசு."

"பசியோட நிக்கறதுதான் இங்க தெனம் நடக்குதே. அதுக்குப் பாட்டு வேறயா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள்.

"அக்கா நம்ம பக்கமுங்களா, அவன் பக்கமுங்களா?" என்று கூட்டாளி கேட்பார்.

"ரெண்டும் ஆடு கத்தற மாதிரிதான் இருக்கு. டீயக் குடிச்சிட்டுக் கத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படித்தான் போகும். மற்ற நாட்களில் எங்கள் லயனில் சத்தமே இருக்காது. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. சிலர் திருப்பூருக்கு, சிலர் கோயமுத்தூருக்கு. என் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள் போனாள். அவளுக்குப் பதில் யாரும் வந்து உட்காரவில்லை. அவளிடமும் நான் அதிகம் பேசியதில்லை; ஆனாலும் பெஞ்சு பெரியதாகிவிட்டது. பள்ளிவிட்டு வரும்போது பூட்டிய கதவுகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே வருவேன். கடைசியில் எங்கள் கதவு மட்டும் திறந்திருக்கும்.

பிறகு கூட்டாளியும் கிளம்பினார். எஸ்டேட் ஆட்கள் கையில் கூலி இல்லாததால் அவர் வாப்பாவின் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சமையற்கட்டுச் சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ள வந்திருந்தார். மாமாவையும் கூப்பிட்டார்.

மாமா ஷூ பெட்டியைக் காட்டினார். "இந்தச் சண்ட முடியாம நான் எங்கயும் வரமாட்டேன்டா."

கூட்டாளி சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இங்க யாரு கூடடா பேசுவ?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். கூட்டாளியும் பார்த்தார். "சரி. என்ற பக்கம் அம்மணி பேசும். செருப்ப மட்டும் விட்டுக் குடுத்தராத அம்மணி" என்று சொல்லி, உள்ளங்கையை நீட்டினார். நான் அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒரு பெரிய ஆள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது.

முதலில் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அண்டா, உலை, குமிழி. மாமா விடமாட்டார். "அது அவன் சொன்னது. நீ என்ன சொல்ற?" என்பார். பள்ளியில் டீச்சர் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான். மாமாவுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன். தேயிலைக்குள் பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. "மிஸ்டு திடுதிப்புனு வராது மாமா. பாத்துக்கிட்டே இருப்போம், கடைசில கையே தெரியாது. செருப்பு அந்த மாதிரி" என்றேன். மாமா பேனாவால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். "அவனே இத்தன அழகாச் சொல்லலியே புள்ள" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

மாமா பகலில் தோட்டம் தோட்டமாக வேலை கேட்டுப் போனார். பெரும்பாலும் சும்மாதான் திரும்பினார். நின்ற மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று ஃபேக்டரிக்குப் போய், வாட்ச்மேன் உள்ளே விடாமல் வந்ததும் உண்டு. அம்மா முணுமுணுப்பாள். "ஊருல இருக்கவன்லாம் எறங்கிப் போய்ப் பொழைக்கிறான். நீ எங்கள நெனச்சுத்தான இங்க கெடக்க? எங்களுக்கு என்னடா, கெடந்துக்குவோம்." "செருப்பு விஷயம் பாக்கி இருக்குக்கா" என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

மழை மாதங்களில் பேட்டரிக் கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. புதுசு வாங்கும் பேச்சே இல்லை. வெயில் அடித்தால் தகரத்தின் மேல் காயவைப்பேன். காய்ந்தால் கொஞ்சம் உயிர் வரும். வெயில் இல்லாத நாட்களில் அடுப்புத் திண்டில் வரிசையாக வைப்பேன். "வெடிச்சு மூஞ்சில அடிக்கப்போகுதுடி" என்று அம்மா கத்துவாள். சூடாக இருக்கும்போதே மெஷினில் போட்டால் இரண்டு பாட்டு ஓடும். அதில் ஒன்று எனது, ஒன்று மாமாவுடையது.

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போட்டோம். முதலில் சிவப்புக் கதவு. மாமா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார். எப்போதும் இடித்துக்கொண்டு வரும் பாட்டு, ஆளைத் தாங்கிப் பிடித்து எழுப்பிவிட்டதுபோல மெல்ல எழுந்தது. டிரம் ஈர விறகைத் தட்டுவதுபோலக் கேட்டது. பாடுகிறவன் காய்ச்சல்காரனைப்போல இழுத்தான். மாமா கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டார்.

பிறகு ஒற்றைச் செருப்பு. அதுவும் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பாட்டுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். வெளியில் மழை பெய்துகொண்டிருந்தது. எது கூரை, எது கிடார் என்று தெரியவில்லை. பாடுகிறவன் குரல் வருவதற்கு முன்பே கட்டை செத்துப்போயிற்று.

எனக்குச் சட்டென்று தோன்றியது. யோசிக்காமலே சொன்னேன். "மாமா, கட்ட எறங்கறப்ப உங்க பாட்டு தாங்கல. செருப்பு தாங்குச்சு. ஒண்ணுமே இல்லாதப்பவும் தாங்கி நிக்கறதுதான் பலம்."

மாமா ஏதாவது சொல்வார், நான் மறுபடி ஏதாவது சொல்லவேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் டேப் ரெக்கார்டரைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். செருப்பைக் கூடப் பின்னால் சுற்றச் சொல்லவில்லை.

"தோத்துட்டேன் புள்ள" என்றார். "நீ சொன்னதுதான் சரி. இதுக்கு மேல பேச்சில்ல."

"நெசமாவா?"

"நெசமா. பெட்டி இனிமே உன்னோடது. ஜெயிச்சவங்களுக்குத்தான."

நான் குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து மாமாவின் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவருடைய வேட்டி, இரண்டு சட்டை, அப்பாவின் பழைய தோல்பை. மழையில் நனையாமல் எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, மாமா தோத்துட்டாரு. நான்தான் ஜெயிச்சேன்."

அம்மாவின் கை நின்றது. "அவனே சொன்னானா?"

"அவரு வாயாலயே சொன்னாரும்மா. இதுக்கு மேல பேச்சில்லன்னுட்டாரு."

அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தாள். பிறகு அதைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள். தம்பி ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுப்போனதில் அவளுக்கு வருத்தம் என்று எனக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் காதோடு சொன்னேன்.

"நாளைக்கு மறுபடியும் வெச்சுக்கலாம்மா. நாளைக்கு மாமாவ ஜெயிக்க உட்டுர்றேன்."

"சரி" என்றாள் அம்மா.