வெட்டுப்பட்ட சிப்பாய்

“குதிரை எஃப் ஐந்து,” என்கிறார் சலூன் நடத்தும் அந்தப் பெண், கத்தரிக்கோலை நிறுத்தாமல். நாற்காலியில் இருப்பவரின் காதோரத்து முடி உதிர்கிறது. சலூன் மூலையில், துண்டு அலமாரிக்குப் பின்னால் செஸ் பலகையோடு உட்கார்ந்திருக்கும் கணவர், மனைவிக்காகக் குதிரையை நகர்த்திவிட்டுத் தாடையைச் சொறிகிறார். பலகை மனைவியின் கண்ணில் படக்கூடாது, கண்ணாடி வழியாகக்கூட. அது மனைவியே போட்ட சட்டம்.

செஸ் மன்றத்தில் இவருக்குக் ‘கத்தரி அக்கா’ என்று பெயர். முடி வெட்டும் பழக்கம்தான் மனக்கணக்கைக் கூர்மையாக்குகிறதா என்று கேட்டேன். “முடி எதிர்த்து ஆடாதுங்க,” என்று முடித்துவிட்டார்.

போன வருடம் மன்றங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் அணி தோற்றது இவரால்தான். எதிரே ஒரு கண் மருத்துவர். ஜெயிக்கிற ஆட்டம். ஆனால் இவர் மனசுக்குள் போட்ட கணக்கில், பாதியிலேயே வெட்டுப்பட்டுப் போன ஒரு சிப்பாய் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நிஜப் பலகையில் அந்த வழி திறந்து கிடந்தது. மருத்துவரின் யானை நேராக இறங்கி இவருடைய ராஜாவை முடித்தது. “செத்துப்போன சிப்பாயை நம்பி ராஜாவை உக்கார வெச்சிருந்தேன்,” என்கிறார். திரும்பும் வழியில் அணியினர் முதல் டீயை இவருக்கே வாங்கி நீட்டினார்கள். அதுதான் உறைத்தது.

மறுநாளே பயிற்சிக்குக் கணவரைப் பிடித்தார். அவர் பேக்கரிக்காரர், விடிந்ததும் வேலை முடிந்துவிடும். முதலில் கட்டங்களின் நிறம். அவர் “சி ஆறு” என்றால் இவர் யோசிக்காமல் “வெள்ளை” என்று சொல்ல வேண்டும். பிறகு நாலைந்து காய்கள் மட்டும் மிஞ்சிய ஆட்டங்கள், பலகையே பார்க்காமல். ராணியை எங்கே வைத்தோம் என்று மறந்து வாடிக்கையாளர் முன்னால் அசடு வழிந்த நாட்கள் உண்டு. மெல்ல ஒரு வழி பிடிபட்டது. “காய் போற இடத்தை எல்லாரும் பாப்பாங்க. அது விட்டுட்டுப் போன இடத்தை நான் தொடைச்சுட்டுத்தான் அடுத்த நகர்த்தலுக்கே போவேன்.”

இந்த வருடமும் இறுதிப் போட்டி, அதே மருத்துவர். அணித் தலைவர் இவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேறு ஆளை இறக்கப் பார்த்தார். “என்னையே போடுங்க, பாத்துக்கறேன்,” என்று சொன்னவர், பதிலுக்குக் காத்திராமல் பலகை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டத்தின் நடுவில் கண்ணை மூடினார். கடிகாரம் ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற கணவர், ஆள் தூங்கிவிட்டாளோ என்று கதவில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். கண் திறந்ததும் இவர் யானையைத் தூக்கிக் கொடுத்தார். மருத்துவர் சிரித்தபடியே வெட்டினார். அடுத்த சில நகர்த்தல்களில் சிரிப்பு காணாமல் போனது; அவருடைய ராஜா ஓட இடமில்லாமல் ஓரத்துக்கு வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். இவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவர் தன் ராஜாவைச் சாய்த்தார். தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்; மனசுக்குள் இன்னும் ஒரு கட்டம் துடைக்கப் பாக்கி இருந்தது.