இன்று உங்கள் முறை இல்லை

எங்கள் கிணற்றுக்கு ஒரு போன் நம்பர் உண்டு. திருச்சியில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் யாரும் சிரிப்பதில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டும், பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப்பும். வீட்டிலிருந்து போன் அடித்தால் பெட்டி எடுக்கும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். இலுப்பூர்க் கடைகளில் இந்த மாதிரிப் பெட்டிகள் இப்போது விதவிதமாகக் கிடைக்கின்றன. எங்களுடையது கடையில் வாங்கியதில்லை. நான் செய்தது.

கிணறு மூன்று வீட்டுக்குப் பொது. எங்கள் வீடு, பெரியப்பா வீடு, சித்தி வீடு. அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவதால் எங்கள் வயலை அம்மாதான் பார்க்கிறார். சித்தப்பா சிங்கப்பூரில் இருப்பதால் அவர் வயல் முழுக்கச் சித்தியின் பொறுப்பு. ஒரே மோட்டார் என்பதால் ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்றைக்கு யார் முறையோ அவர்கள் தங்கள் மடையைத் திறந்து, மற்ற இரண்டையும் மண் போட்டு அடைப்பார்கள்.

முறை இருந்தால் மட்டும் போதாது. மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்டும் வேண்டும். அது ஒரு வாரம் காலையில் வரும், மறுவாரம் மதியத்துக்கு மேல் வரும், சில நாள் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். கொட்டகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள் உண்டு. மூன்றும் எரிந்தால்தான் மோட்டார் போடலாம். அதைப் பார்த்துவிட்டு வருவதற்கே அம்மாவும் சித்தியும் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நாளைக்கு நாலைந்து நடை நடப்பார்கள். "மூணும் முழிச்சிருச்சா?" என்பதுதான் எதிரில் வருகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வி.

அந்த நடையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு பெரிய லட்சியம் ஏதும் இல்லை. எங்கள் மூன்று வீட்டிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து, திருச்சியில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். படித்ததற்கு வீட்டுக்கு ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று மனதில் கிடந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட போர்டுகளைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இந்தப் பெட்டியைச் செய்தேன்.

இன்றைக்கு நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருப்பது பெட்டி இல்லை. மூன்று குடும்பமும் நம்பியிருக்கிற ஒரே மோட்டாரில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒருவனை ஒயரை வெட்டி ஒட்ட விட்டார்களே, அதுதான். யாரும் ஒரு வார்த்தை குறுக்கே கேட்கவில்லை. பெரியப்பா மட்டும், "ஷாக்கு கீக்கு அடிச்சுறாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டார். நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் மூன்று வீட்டு நம்பரையும் சமமாகப் போட்டு வைத்தேன். அது சரிப்பட்டு வரவில்லை. ஒரு நாள் பெரியப்பா இலுப்பூர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, நாள் தப்பாக நினைத்து மோட்டாரைப் போட்டுவிட்டார். அம்மா அப்போது எங்கள் மடையில் இறங்கி மண் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் திடுதிப்பென்று வந்து காலை வாரியது. அதனால் முறையையே பெட்டிக்குள் எழுதினேன். காலை ஆறு மணிக்கு முறை மாறும். அன்றைக்கு யார் முறையோ அவர் நம்பருக்கு மட்டும் மோட்டார் கட்டுப்படும். மற்றவர்கள் அடித்தால் குரல் ஒன்று பதில் சொல்லும். குரலும் என்னுடையதுதான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேடையில் பேசுகிறவன் மாதிரி தொண்டையைச் சரிசெய்து பதிவு செய்தேன்: "வணக்கம். இன்று உங்கள் முறை இல்லை. நன்றி."

அது மார்கழி. மழை முன்கூட்டியே நின்று, எல்லாரும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்த நேரம். நெல் கதிர் வாங்கி, மணிக்குள் பால் பிடிக்கிற பருவம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தப்பினால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. மாற்றிய பெட்டியை மறுபடி மாட்டி, மூன்று பேரையும் போன் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை விலக்கிவிட்டுப் பழைய பச்சைப் பொத்தானிலேயே மோட்டாரைப் போடுகிற மாதிரி பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்தேன். கிளம்பும்போது ஒன்று சொன்னேன். நான் வருகிற வரைக்கும் யாரும் எதையும் தொட வேண்டாம் என்று. கம்பெனியில் வேலை அதிகம். அடுத்த ஞாயிறு வர முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறுதான் வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் வயல் எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன். நம்முடையது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அம்மா ரசத்தை ஊற்றினார். பிறகு, ஒரு எட்டு போய்ச் சித்தி வயலைப் பார்த்துவிட்டு வா என்றார். அம்மா அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

வரப்பில் நின்று பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இலைகள் சுருண்டு ஊசியாய் நின்றன. செம்மண் வாய் பிளந்திருந்தது. விரலை விட்டால் பாதி போகும். அந்த வெடிப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் வயலும் பெரியப்பா வயலும் பச்சையாக நின்றன. சித்தி ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டார். வயலுக்கு ஏன் தண்ணீர் பாயவில்லை என்று நான் கேட்டேன்.

ஏதோ அவர் மேல் தப்பு இருப்பது போலத்தான் சித்தி சொன்னார். கடைசியாக வந்த இரண்டு முறையும் போய்விட்டதாம். ஒரு முறையன்று லைனில் வேலை, நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அடுத்த முறையன்று டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய், ஒரு பேஸ் இல்லை. இரண்டு தடவையும் மறுநாள் காலையில் கரண்ட் வந்தது.

"மறுநாள் போட்டிருக்கலாமே சித்தி?" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்த பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, கிணற்றுக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி என் பக்கம் நீட்டினார். வெயிலில், வெடித்த வயலுக்கு நடுவில், என் குரல் கணீரென்று வந்தது. வணக்கம். இன்று உங்கள் முறை இல்லை. நன்றி.

"ஒன் கொரல்லயே சொல்லுது தம்பி. நா என்னன்னு போடுறது?"

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. முறை ஒரு நாள்தானே, அந்த நாள் போனால் போனதுதானே என்று ஏதோ சொன்னேன். சித்தி அரிவாளைக் கீழே வைத்தார்.

"ஏப்பா, முறைன்னா நாளா? ஆறு மணி நேரத் தண்ணிப்பா அது. கரண்டு நின்னா முறையும் அங்கனயே நிக்கும். வந்தாத்தான் நகரும். என்னைக்கு வந்தாலும் நின்ன ஆளுக்குத்தான் மொதத் தண்ணி. ஒனக்குத் தெரியும்ல?"

தெரியாது. அதுதான் உண்மை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. ஏன் தெரியாது என்றால், என்னை யாரும் ஒரு நாளும் தண்ணீர் பாய்ச்சக் கூப்பிட்டதில்லை. பரீட்சை இருக்கும், அவன் படிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு வர வேண்டிய மடைவேலையைச் சித்தியே எத்தனையோ தடவை சேர்த்துச் செய்திருக்கிறார். மண்வெட்டி என் கையில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் எனக்குக் கடிகாரம் தெரிந்தது, முறை தெரியவில்லை. இந்த மூன்று வீட்டிலும் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று என்பதால் அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. பெட்டி சொன்னது தப்பு என்று மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா தன் முறையன்று தன் போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு விட்டுக்கொடுக்கிறேன் என்றாராம். பெரியப்பாவும் சொன்னாராம். ஆனால் படித்த பிள்ளை போட்டு வைத்திருக்கிறான், ஏதாவது காரணம் இருக்கும், முறையை மாற்றிப் பாய்ச்சியோ கை வைத்தோ மெஷின் கெட்டுப்போனால் அவனுக்குத்தான் கஷ்டம் என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்குப் போன் செய்யலாம் என்று அம்மா சொன்னதற்கு, வேலை நேரத்தில் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தடுத்தவர் சித்தி. காய்ந்தது அவர் வயல்.

லேப்டாப் எடுத்து வருகிறேன் என்று நான் திரும்பினேன். சித்தி பின்னாலிருந்து கேட்டார்.

"பெட்டிய விட்டுட்டு, பச்சைய அமுக்கிக்கிறவா தம்பி?"

எத்தனையோ வருஷமாக அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கி வந்தவர், என்னிடம் அனுமதி கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கொட்டகைக்குள் போய், மூன்று விளக்கையும் ஒரு பார்வை பார்த்து, நான் வைத்திருந்த கைப்பிடியைத் திருப்பி, பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. அது பெரியப்பாவின் முறை நாள். சத்தம் கேட்டுத் தோளில் மண்வெட்டியோடு அவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷினு மாட்டேங்குதேன்னு சும்மா இருந்தோம்ப்பா. மனுசன்னா நாலு வசவு வஞ்சு தண்ணிய வாங்கியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, போய்த் தன் மடையைத் தானே அடைத்தார். சித்தி மடையில் தண்ணீர் திரும்பியது. வெடிப்புக்குள் அது இறங்குகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குடிக்கிற சத்தம் மாதிரியே இருக்கும்.

தண்ணீர் பாயப் பாய, கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றினேன். காலை ஆறு மணிக்கு முறை மாறுவதை எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மணி நேரம். மோட்டாருக்குள் கரண்ட் ஓடுகிற நிமிஷம் மட்டும் குறையும். நின்றால் அங்கேயே நிற்கும். தீர்ந்தால்தான் அடுத்த வீடு. சித்தி வரப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். சாவு விழுந்த வீடு என்றால் முறையை நகர்த்தி வைப்பார்களாம். ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது அடுத்தவர் கணக்கில் ஏறாதாம். எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. எழுத முடியாததற்குத்தான் அந்தக் கைப்பிடி என்று முடிவு செய்தேன். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அதைத் திருப்பலாம் என்று மூன்று பேரிடமும் சொன்னேன்.

குரலையும் மாற்றினேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தார். "மின்னழுத்தம் குறைவாக உள்ளது" என்று படித்ததும், அது யாருக்குடா என்று கேட்டார். "கரண்டு கம்மியா இருக்கு" என்று சொன்னேன். முறை இல்லை என்ற வாக்கியத்தை அழித்துவிட்டேன். இப்போது யார் அடித்தாலும், யார் தண்ணீர் ஓடுகிறது, இன்னும் எவ்வளவு நேரம், அடுத்து யார் என்று மட்டும் சொல்லும். கடைசியில் இருந்த நன்றியையும் எடுத்துவிட்டேன். அதைப் பெட்டி சொல்லக் கூடாது என்று பட்டது.

தையில் அறுத்தார்கள். சித்தி வயலில் மேட்டுப் பக்கம் இரண்டு பாத்தி அப்படியே பதராய்ப் போய்விட்டது. மற்றது தேறிவிட்டது. தூற்றும்போது காற்றில் பறந்து போன பதரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போனில் வந்தார். மேட்டுப் பாத்தி ஏன் போனது என்று கேட்டிருக்க வேண்டும். சித்தி என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"மழை முன்னாடியே நின்னுருச்சுல்ல. அதான்."

அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, இன்று வரைக்கும் சரி, பெட்டியைப் பற்றிச் சித்தி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. நான் நன்றி சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அங்கே கிடந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தேன். "மெதுவாப்பா, பழக்கமில்லாத ஆளு" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். களத்திலிருந்து வீடு வரைக்கும் நாலு நடை சுமந்தேன். அன்று நான் சொன்ன நன்றி அதுதான்.

கம்பெனியில் இப்போது என் வேலை, இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு வேண்டிய புரோகிராமை எழுதித் தருவது. புது ஊர் ஒன்றுக்கு எதையாவது செய்வதற்கு முன்னால், இங்கே முறை எப்படி என்று முதலில் அங்குள்ளவர்களைக் கேட்டுவிடுகிறேன். கூட இருப்பவர்கள் அதை என் பழக்கம் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் பெட்டி இன்னும் ஓடுகிறது. யார் எப்போது அடித்தார்கள் என்று எனக்கும் ஒரு குறுஞ்செய்தி வரும். அறுப்பு முடிந்து, தண்ணீரே வேண்டாத நாட்களிலும் சித்தி நம்பரிலிருந்து அவ்வப்போது ஒன்று வரும். எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். சும்மாதான் அடிக்கிறார் என்றார். கரண்ட் இருக்கிறது, யாரும் தண்ணீர் பாய்ச்சவில்லை என்று என் குரல் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்பாராம். கேட்டுவிட்டு, "சரிப்பா" என்று சொல்லித்தான் வைப்பாராம்.